குப் போட்டி: இந்த மாசிக்கு மாற்ற வேண்டிய விதிகள், 16 அணிகளுக்கான அட்டவணை

குப் என்பது தடி எறிந்து எதிரணியின் மரக்கட்டைகளையும், கடைசியில் களத்தின் நடுவில் நிற்கிற ராஜா என்ற பெரிய கட்டையையும் வீழ்த்துகிற ஆட்டம். கையில் ஆறு தடி, எதிர்க்கோட்டில் ஐந்து கட்டை, நடுவில் ஒரு ராஜா. முதலில் எறிகிற அணி ஒன்றைக்கூடத் தவறவிடாவிட்டால், எதிரணி தடியைத் தொடாமலேயே ஆட்டம் முடிந்துபோகும். பொட்டலில் இப்போதுதான் பழகுகிற பிள்ளைகளிடம் இது நடக்காது. கை பழகிய அணியிடம் நடக்கும். ராஜா வரை போகாமல் மூன்று கட்டை மட்டும் விழுந்தால்கூட, எதிரணி அவற்றைக் களத்துக்குள் எறிந்து முதலில் அவற்றையே வீழ்த்த வேண்டும், தன் ஆறு தடியில் சிலவற்றை அதற்கே செலவழிக்க வேண்டும். யார் முதலில் எறிவது என்பதே பாதி ஆட்டத்தைத் தீர்த்துவிடுகிறது.

அதனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் போட்டி நடத்துகிறவர்கள் முதலில் கொண்டுவர வேண்டிய மாற்றம் 2-4-6. முதல் அணிக்கு முதல் முறை 2 தடி, அடுத்த அணிக்கு 4, அதற்குப் பிறகு எல்லா முறையும் 6. ஒவ்வொரு ஆட்டமும் இப்படித்தான் தொடங்க வேண்டும். முதல் அணி இரண்டு கட்டையை வீழ்த்தினாலும், இரண்டாம் அணி நாலு தடியில் அந்த இரண்டையும் தீர்த்து, எதிர்க்கோட்டில் நிற்கிற கட்டைகளில் (கோட்டுக்கட்டை) இரண்டையும் அடிக்க வழி இருக்கிறது. முன்பு ஒரேயடியாகச் சாய்ந்த தராசு இப்போது ஏறக்குறைய நேராகிறது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: குப், சுவீடனின் காட்லாந்துத் தீவில் வேர்விட்ட புல்தரை ஆட்டம். அங்கே ரோனே என்ற ஊரில் 1995-இல் உலகப் போட்டி தொடங்கியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் நகரில் 2007-இல் தேசியப் போட்டி தொடங்கியது. களம் 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். இரு முனைக் கோட்டிலும் ஐந்தைந்து கட்டை, நட்டநடுவில் ராஜா. எதிர்க்கோட்டுக் கட்டைகளைத் தடியால் வீழ்த்த வேண்டும். விழுந்த கட்டைகளை, இழந்த அணி எதிரணியின் பாதிக்குள் எறிந்துவிட்டுத் தன் முறையைத் தொடங்கும். அவை களக்கட்டைகள். முதலில் அவற்றைத் தீர்த்த பிறகுதான் கோட்டுக்கட்டையைத் தொடலாம். எல்லாம் விழுந்த பிறகு ராஜா. இடையில் ராஜாவைத் தடியால் சாய்த்தால் அந்த ஆட்டம் தோல்வி.

எறிதலில் ஒரே விதி, ஆனால் கறாரான விதி: கை தோளுக்குக் கீழிருந்து வர வேண்டும், தடி தலைகீழாகப் புரண்டு போக வேண்டும். கிடைமட்டமாகச் சுழலவிடக் கூடாது. நம் சிவகங்கைச் சீமையில் இதை விளக்குவது எளிது. வளரி சுழல்வதுபோலச் சுழன்றால் செல்லாது என்று சொன்னால் போதும், சின்னப் பையனுக்கும் புரியும். காரணம் இரண்டு. 30 செ.மீ. தடி கிடையாகச் சுழன்றால் 30 செ.மீ. அகலத்தைக் கூட்டித் தள்ளுகிறது. புரண்டு போகிற தடி தன் தடிமனான 4.4 செ.மீ. அகலத்துக்குத்தான் அடிக்கிறது, குறி தேவைப்படுகிறது. இரண்டாவது காரணம், கிடையாகச் சுழல்வது தரையில் பட்டதும் பக்கவாட்டில் தெறித்து வேடிக்கை பார்ப்பவர் கணுக்காலுக்குப் போகும். தவறான வீச்சில் விழுந்த கட்டையை நிமிர்த்திவிடுங்கள், தடி செலவானது செலவானதுதான். முதல் தடவை எச்சரிக்கை என்று இளகினால் அணிக்கு அணி அளவு மாறும்.

வாக்குவாதம் கிளம்புகிற இடம் வேறு. கட்டையை உள்ளே எறிவதும் நிமிர்த்துவதும்தான் அந்த இடம். விதித்தாளில் அதிக வரி இதற்கே ஒதுக்குங்கள்.

கட்டைகள் எல்லாவற்றையும் முதலில் எறிந்து முடிக்க வேண்டும், பிறகுதான் எதிரணி அவற்றை நிமிர்த்த வேண்டும். நடுக்கோட்டுக்கும் எதிர்க்கோட்டுக்கும் இடையே விழாத கட்டைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அது தண்டக்கட்டை. எதிரணி தன் பாதிக்குள் விரும்பிய இடத்தில் வைக்கும். ராஜாவிலிருந்தும் மூலை முளைகளிலிருந்தும் ஒரு தடி நீளமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. விவரமான அணி அதை ராஜாவுக்குப் பின்னால், சரியாக ஒரு தடி நீளத்தில் வைக்கும். அதை அடிக்கப் போனால் ராஜா சாயும் என்ற பயத்திலேயே எறிகிறவர் கை தளர்ந்துவிடும். ஆகவே இரண்டாம் வாய்ப்பில் வீரம் காட்ட வேண்டாம், களத்தின் நடு ஆழத்துக்கு எறியுங்கள் என்று அணிகளுக்குச் சொல்லுங்கள்.

இனி நிமிர்த்துவது. கட்டை சுண்ணாம்புக் கோட்டின் குறுக்கே கிடக்கிறது, ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. நிமிர்த்துகிறவர் எந்த முனையை அடியாக வைத்தும் நிறுத்தலாம், அது அவர் உரிமை. ஆனால் அந்த முனையின் விளிம்பு தரையை விட்டு நகரக் கூடாது. கதவு கீலில் திரும்புவதுபோல அந்த விளிம்பிலேயே கட்டை திரும்பி எழ வேண்டும். தூக்கி வைப்பது, இழுத்து வைப்பது இரண்டும் தவறு. நிமிர்ந்த பின் அடிப்பாகம் பாதிக்கு மேல் கோட்டுக்குள் இருந்தால் உள்ளே என்று எழுதிவிடுங்கள். நடுவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியும்; நின்றபடி பார்த்தால் கட்டையின் மேல்முகம்தான் தெரியும், அடி தெரியாது. கோட்டில் கிடக்கிற கட்டையை நிமிர்த்தும்முன் நடுவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேருங்கள். கூப்பிடாமல் நிமிர்த்தினால் அது உள்ளேதான்.

ஒன்றோடொன்று முட்டிய கட்டைகளை மேலே மேலே அடுக்குகிற வீட்டு விதி சிலரிடம் இருக்கிறது. பார்க்க அழகு. போட்டிக்கு வேண்டாம், ஒரே தடியில் மூன்று கட்டை போய்விடும்.

அடுத்த குழப்பம் முன்னேறும் கோடு. ஓர் அணி தன் முறையில் களக்கட்டைகளைத் தீர்க்காமல் விட்டால், நடுக்கோட்டுக்கு மிக அருகில் நிற்கிற கட்டையின் நேர்க்கோடு வரை எதிரணி முன்னேறி எறியலாம். இது தடிகளுக்கு மட்டும். கட்டைகளை உள்ளே எறிவதும் ராஜாவை அடிப்பதும் எப்போதும் முனைக்கோட்டிலிருந்துதான். ராஜா நாலு மீட்டர் தள்ளி நிற்கும்போது, முன்னேறிய கோட்டில் நின்று அடித்தால் அது தடவிச் சாய்ப்பது போல. கடைசி வீச்சுக்கு மதிப்பே போய்விடும்.

அணிக்கு 3 முதல் 6 பேர், ஒரு முறையில் ஒருவருக்கு இரண்டு தடிக்கு மேல் கிடையாது. மாற்று ஆள் ஆட்டங்களுக்கு இடையில்தான்.

நேரம். மூன்றில் இரண்டு வெல்பவர் என்ற கணக்கில் ஓர் ஆட்டத்தொடருக்கு 45 நிமிடம் வையுங்கள். வெறும் மணி மட்டும் அடித்தால், முன்னிலையில் இருக்கும் அணி தடியைத் துடைத்துக்கொண்டே நேரத்தைக் கரைக்கும். அதனால் ஆறு தடிக்கு 2 நிமிடம், உள்ளே எறிகிற கட்டை ஒன்றுக்கு 10 விநாடி என்று தனிக் கணக்கு வேண்டும். மணி அடித்ததும் நடக்கிற முறை முடியட்டும். இரு அணிக்கும் முறைகளின் எண்ணிக்கை சமமாகட்டும். பிறகு எதிரணியின் கோட்டுக்கட்டைகளை அதிகம் வீழ்த்திய அணிக்கு அந்த ஆட்டம். அதுவும் சமம் என்றால், அல்லது தொடர் 1-1 என்று நின்றால், யார் முதலில் எறிவது என்று தீர்மானிக்கத் தொடக்கத்தில் செய்வதுபோல அணிக்கு ஒருவர், ஆளுக்கொரு தடி: ராஜாவைச் சாய்க்காமல் யார் தடி அதற்கு அருகில் கிடக்கிறதோ அவருக்கு வெற்றி.

16 அணிக்கு வழக்கமாக நான்கு நான்காகப் பிரித்து லீக் வைப்பார்கள். மூன்று சுற்றில் முடியும், கணக்கு எளிது. ஆனால் நம் ஊரில் மாசி முகூர்த்த நாளில் நாலு அணிப் பிரிவில் ஓர் அணி வராமல் போனால், அந்தப் பிரிவே கெட்டுவிடும். ஆகவே நான் சுவிஸ் முறைக்கே ஓட்டுப் போடுவேன். சதுரங்கப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற பெற்றோர் நிறைந்த ஊர், விளக்கவே வேண்டாம்: ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள், ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள்.

16 அணி, நாலு சுற்று முடிந்தால் பட்டியல் இப்படித்தான் நிற்கும்: நாலும் வென்ற அணி 1, மூன்று வென்றவை 4, இரண்டு வென்றவை 6, ஒன்று வென்றவை 4, ஒன்றும் வெல்லாதது 1. கால் இறுதிக்கு 8 இடம். முதல் 5 அணி நேராகப் போகும். மிச்சம் 3 இடத்துக்கு இரண்டு வெற்றி பெற்ற 6 அணிகள் நிற்கும். சமன் உடைக்கும் விதியை முதல் தடி எறியும்முன்பே பலகையில் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான். முதலில் அவர்கள் மோதிய எதிரணிகளின் மொத்த வெற்றி; அதுவும் சமம் என்றால் வென்ற ஆட்டங்கள்; பிறகு ராஜாவுக்கு அருகில் ஒரு தடி. கட்டை வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பலவீனமான அணியைப் போட்டு நசுக்குகிற பழக்கம் வரும்.

எட்டுக் களம் இருந்தால் காலை 6.45, 7.35, 8.25, 9.15 என்று நாலு சுற்றும் 10 மணிக்குள் முடியும். பிறகு நிழலுக்குப் போய்விட வேண்டும். மாலை 3.15-க்குக் கால் இறுதி, 4.05-க்கு அரை இறுதி. வெளியேறிய எட்டு அணிக்கும் மிச்சமிருக்கும் நாலு களத்தில் இரண்டாம் கோப்பை, அதே நேர அட்டவணை. காலையில் தோற்றவர்கள் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிட்டால் மாலை ஆட்டத்தைப் பார்க்க ஆள் இருக்காது. இறுதி ஆட்டம் 5 மணிக்கு, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், மூன்றில் இரண்டு. ஐந்தில் மூன்று என்று ஆசைப்பட்டால் ஐந்தாம் ஆட்டத்துக்கு வெளிச்சம் இருக்காது.

நாள் குறிப்பதில் தை வேண்டாம். தொடக்கத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு, அடுத்துத் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை. மாசி முதல் பாதிதான் சரி. அதற்குப் பிறகு முத்துமாரியம்மன் திருவிழா வந்துவிடும்.

களம் போடும்போது 8-க்கு 5 அளந்தால் மட்டும் போதாது, மூலைவிட்டம் இரண்டும் 9.43 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் களம் கோணல். இரண்டு மூலைவிட்டமும் வெட்டுகிற இடம் ராஜாவுக்கு. கோட்டுக்கட்டைகளை மூலையிலிருந்து 50 செ.மீ. விட்டு, பிறகு 1 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் மூன்றாவது கட்டை ராஜாவுக்கு நேர் வரும். நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும், காலை வெயிலும் மாலை வெயிலும் யார் கண்ணையும் குத்தாது. எட்டுக் களத்தை நாலு நாலாக இரண்டு வரிசை போட 33-க்கு 30 மீட்டர் இடம் தேவை. முனைக்கோட்டுக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கவாட்டில்தான்.

தரை நம் பெரிய சிக்கல். இந்த ஆட்டம் புல்லுக்கு ஆனது. நம் பொட்டலில் செம்மண்ணும் சரளையும் காய்ந்து இறுகிக் கிடக்கும். கட்டை விழுந்த இடத்தில் நிற்காமல் துள்ளி ஓடும். களக்கட்டைகள் சிதறும், ஆட்டம் நீளும், தண்டக்கட்டை பெருகும். முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து, சரளையை வாரி எடுத்து, மேலே 2 செ.மீ. மணல் பரப்பினால் கட்டை அடங்கும். காலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள், தடியில் சேறு ஒட்டிக் கை வழுக்கும். அருகம்புல் இருக்கிற இடம் கிடைத்தால் 3 செ.மீ.க்கு வெட்டினால் போதும். எங்கே போட்டாலும் நெருஞ்சி முள்ளையும் கருவேல முள்ளையும் விளக்குமாறு வைத்துப் பெருக்கியே ஆக வேண்டும், பாதிப் பேர் வெறுங்காலில்தான் ஆடுவார்கள்.

ஒரு களத்துக்கு 10 கட்டை, 6 தடி, ஒரு ராஜா, 4 மூலை முளை, 2 நடு முளை. கட்டை 7×7×15 செ.மீ., ராஜா 9×9×30, தடி 30 நீளம். 7-க்கு 7 சட்டம் ஐந்தே கால் அடி எடுத்தால் வாள் தின்பது போகப் பத்துக் கட்டை வரும். தடிக்கு 5-க்கு 5 சட்டத்தைக் கடைசல் பட்டறையில் 4.4-க்குக் கடையச் சொல்லுங்கள்; முனை விளிம்பைச் சற்று மழுக்கினால்தான் சிம்பு எழாது. பச்சை மரம் ஆகாது, ஒரே கோடையில் வெடித்து எடையும் மாறிவிடும். நன்றாகக் காய்ந்த வேம்பு என்றால் கட்டை அரைக் கிலோ, தடி 300 கிராமுக்குச் சற்று மேல், ராஜா ஒன்றே முக்கால் கிலோ அளவில் வரும். பழைய வீட்டுத் தேக்குச் சட்டம் காரைக்குடியில் கிடைக்கிறது, காய்ந்து பதமாக இருக்கும். அறுக்கக் கொடுக்கும்முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆறு தடியையும் சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு களத்துத் தடியோடு மாற்றிச் சேருங்கள். கை ஒரே வேகத்துக்குப் பழகியிருக்கும், எடை மாறிய ஒரு தடி அரை அடி முன்னால் விழும்.