அந்த ஒரு மெத்தட்

ஒரே மாதிரி இருந்த கோட் துண்டுகளை ஒன்றாக்கச் சொன்னபோது, என்னோடு வேலை செய்யும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணா, எல்லாத்தையும் ஒண்ணாக்கணுமா? இந்த டிரான்ஸ்ஃபர் மட்டும் தனியா இருக்கட்டுமே." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுலயும் அதே ட்ரை, அதே கேட்ச், அதே லாக்தானே? ஒண்ணாக்கிடு" என்றேன். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

ஒண்ணாக்கச் சொன்னதில் தப்பில்லை. பேலன்ஸ், ஸ்டேட்மென்ட், டிரான்ஸ்ஃபர் என்று எதிர்ப்பக்க சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் 11 மெத்தட், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோட் துண்டு; பெயரும் பாராமீட்டரும்தான் வேறு, உள்ளே மூன்று முறை முயன்று பார்க்கும் அதே லூப். அதற்கு முந்தைய மாதம் காத்திருப்பு நேரத்தை மாற்றச் சொன்னபோது 9 இடத்தில் மாற்றி 2 இடத்தை விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. அதனால்தான் லூப்பைப் பொதுவான ஒரு மெத்தட்டில் வைத்து, வேலையை மட்டும் லாம்டாவாக, பெயரில்லாத ஒரு சிறு கோட் துண்டாக, அனுப்பச் சொன்னேன். ஜாவாவில் அந்தத் துண்டைச் சப்ளையர் என்ற வகையாக வைத்தால் செக்ட் எக்ஸெப்ஷனை, அதாவது கட்டாயம் கவனிக்க வேண்டிய பிழையை, வெளியே விட முடியாது, அதனால் அதை விடும் காலபிள் என்ற வகை. ஒவ்வொரு மெத்தட்டும் ஒரு வரியாகச் சுருங்கியது. அது நல்ல கோட், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் எந்தப் பிழைக்கு மறுபடி முயல வேண்டும் என்று சொல்வது கேட்ச் வரி. பத்து மெத்தட்டில் அங்கே ஐஓஎக்ஸெப்ஷன், அதாவது தொடர்பில் வரும் பலவகைப் பிழைகளுக்கான பொதுப் பெயர், இருந்தது; டிரான்ஸ்ஃபரில் மட்டும் கனெக்ட்எக்ஸெப்ஷன், இணைப்பு கிடைக்காத பிழை. ஒரு சொல்தான் வித்தியாசம். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் கோரிக்கை போய்ச் சேரவில்லை, தைரியமாக மறுபடி அனுப்பலாம். ரீட் டைம்அவுட் அப்படியில்லை. பதில்தான் வரவில்லை, அந்தப் பக்கம் பணம் நகர்ந்து முடிந்திருக்கலாம். அதுவும் ஐஓஎக்ஸெப்ஷன் குடும்பம்தான் என்பதால், பொது லூப்புக்குள் வந்ததும் டிரான்ஸ்ஃபரும் மறுபடி மறுபடி போனது. அந்தப் பக்கம் மெதுவாக இருந்த ஒரு சாயங்காலம் சிலருடைய பணம் இரண்டு முறை கழிந்தது.

ஒரே கோரிக்கை எண் இரண்டாம் முறை வந்தால் அந்தப் பக்கத்தவர்கள் தடுத்திருக்க வேண்டும்தான். அந்த வரிக்கு மேலே யாராவது ஒரு கமென்ட் எழுதி வைத்திருக்கலாம். அவளாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்தேன். சரி, சொல்வதற்கு நான் எங்கே இடம் கொடுத்தேன்?

அப்புறம் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "காரணம் எல்லாம் தெரியாதுண்ணா. பார்த்தப்போ ஏதோ வேற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்." வேலையை விட்டுப் போன யாரோ எழுதிய மெத்தட் அது. அப்படியென்றால் அன்றைக்கு நான் ஏன் என்று கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது, நானும் ஒண்ணாக்கிடு என்றுதான் சொல்லியிருப்பேன். இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வரியை ஒருமுறை படித்திருப்போமோ?

இப்போது எந்த எக்ஸெப்ஷனுக்கு மறுபடி முயல வேண்டும் என்பதையும் பாராமீட்டராகக் கொடுக்கிறோம். லூப் இன்னும் ஒன்றுதான், அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. போன வாரம் ரீஃபண்டுக்கு அவள் ஒரு மெத்தட் எழுதினாள். பொது லூப்பைத் தொடவே இல்லை. முழுவதையும் தனியாக, வரிக்கு வரி எழுதியிருந்தாள். ரிவ்யூவில் கேட்ச் வரியை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அப்ரூவ் கொடுத்தேன்.