டாவோ வார்டில் 'சுசி' என்ற வினைச்சொல்லோடு பழகியது

பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கக் கிளம்பும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் கன்சல்டன்சிக்காரர்கள் தவறாமல் சொல்வது, "அங்கே எல்லாமே இங்கிலீஷ்தான்" என்பது. வகுப்பறை வரைக்கும் அது உண்மைதான். பாடம், தேர்வு, கேஸ் ஷீட், பேராசிரியரிடம் வாங்கும் திட்டு எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் வாழைத்தோட்டத் தொழிலாளிக்கு வயிற்றுவலி பிசாயாவில்தான் வருகிறது. கடைசி வருட வார்டுப் பயிற்சியான கிளர்க்‌ஷிப்பில் அவரிடம் கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, அதைக் காகிதத்தில் எழுத வேண்டியது நாம்தான்.

பிசாயா என்று மக்கள் சொல்வதைத்தான் புத்தகங்கள் செபுவானோ என்கின்றன. செபு, போஹோல் தீவுகள், நெக்ரோஸின் கிழக்குப் பகுதி, லெய்ட்டேயின் ஒரு பகுதி, எங்கள் டாவோ நகரம் இருக்கும் மிண்டனாவோவின் பெரும்பகுதி எனச் சுமார் 2 கோடிப் பேர் பேசும் மொழி. மணிலாவின் டகாலோக்கிலிருந்து நிறையவே வேறுபட்டது. யூடியூபில் டகாலோக் படித்துத் தேறி வந்த என் அறை நண்பனுக்கு முதல் குழப்பமே 'சுசி'யில்தான் ஆரம்பித்தது. டகாலோக்கில் சுசி என்றால் சாவி; ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த சொல். செபுவானோவில் சாவிக்கு யாவி என்று பெயர், அது ஸ்பானிஷ்காரன் விட்டுப்போனது. இங்கே சுசி என்றால் பரிசோதிப்பது, ஆராய்வது, துருவிப் பார்ப்பது. நமக்கோ சுசி என்றதும் சுசிருசிதான் நினைவுக்கு வருகிறது. மூன்று மொழிக்காரர்கள் ஒரே சொல்லைக் கேட்டு மூன்று திசையில் பார்ப்போம்.

எங்களுக்கு பிசாயா வகுப்பு ஒன்று இருந்தது. ஆசிரியை கொடுத்த பட்டியலில் ஹிலாநத் காய்ச்சல், ஊபோ இருமல், கலிபாங்கா வயிற்றுப்போக்கு, தம்பல் மருந்து என்று வரிசையாக இருக்கும். அதில் 'சுசி: பரிசோதித்தல்' என்று ஒரு வரி. பெயர்ச்சொற்களுக்கு அந்த மாதிரிப் பட்டியல் போதும். வினைச்சொல்லுக்கு அது எதற்கும் உதவாது. வெறும் 'சுசி'யை வார்டில் யாரும் சொல்வதில்லை. மொசுசி, நக்சுசி, கிசுசி, சுசிஹொன், சுசிஹா, மக்பசுசி, பக்சுசி என்று ஏதாவது ஒரு தலையோ வாலோ ஒட்டிக்கொண்டுதான் காதில் விழும். (கிசுசியின் முதல் எழுத்தை 'கிராமம்' என்று சொல்லும்போது வருகிற ஓசையில் படிக்கவும்.)

இந்த ஒட்டுகளைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது இங்கிலீஷ் இலக்கணம் இல்லை, பள்ளிக்கூடத்தில் வேண்டாவெறுப்பாகப் படித்த தமிழ் இலக்கணம்தான். 'டாக்டர் நோயாளியைப் பரிசோதிப்பார்' என்கிறோம். யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது என்பதை 'ஐ' என்ற உருபு பெயர்ச்சொல்லின் வாலில் நின்று காட்டிவிடுகிறது. செபுவானோவில் அந்த வேலையில் பெரும்பங்கு வினைக்கு. பரிசோதிப்பவரை முன்னே நிறுத்தினால் மொசுசி. பரிசோதிக்கப்படுபவரை முன்னே நிறுத்தினால் சுசிஹொன். இன்ன நோயாளி என்று கண்ணெதிரே ஆள் இருக்கும்போது பெரும்பாலும் இரண்டாவது வடிவம்தான் வரும். நாங்கள் இங்கிலீஷை மனதில் வைத்துக்கொண்டு 'நான் பரிசோதிப்பேன்' என்று மொசுசியையே பிடித்துத் தொங்கினோம். கேட்பவர்களுக்கு அர்த்தம் விளங்கும்; ஆனால் 'யாரையோ எதையோ சோதிப்பேன்' என்பது போலப் பொத்தாம்பொதுவாக இருக்கும் என்று ஆசிரியை சொன்னார்.

சுசியோடு 'ஒன்' சேர்ந்தால் சுசிஒன் என்றுதானே வரவேண்டும்? நடுவில் ஒரு 'ஹ்' நுழைந்து சுசிஹொன் ஆகிறது. கட்டளையாகச் சொல்லும்போதும் அப்படியே, சுசி கூட 'ஆ' சேர்ந்து சுசிஹா. மணி, அடித்தான் என்ற இரண்டும் சேர்கையில் 'ய்' வருகிறதே, அதே உடம்படுமெய் சமாச்சாரம். வகுப்பில் கேரளப் பையன்களும் நாங்களும் மட்டும் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டோம்.

காலம் காட்டுவதில் அவர்கள் வழி தனி. இறந்தகாலம், நிகழ்காலம் என்று நம்மைப் போல் கறாராகப் பிரிப்பதில்லை. வேலை தொடங்கியாயிற்றா, இன்னும் இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். சுசிஹொன் என்றால் இனிமேல்தான். கிசுசி என்றால் தொடங்கியாயிற்று. முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பக்கத்தில் வரும் குட்டிச்சொல் சொல்லும். 'கிசுசி ந' என்றால் பார்த்தாயிற்று, 'கிசுசி ப' என்றால் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டூட்டி மாறும் நேரத்தில் நர்ஸ் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது அந்த ஒற்றை எழுத்தைத் தவறவிட்டால் அவ்வளவுதான், பார்த்த நோயாளியையே மறுபடி எழுப்ப வேண்டியிருக்கும்.

எதிர்மறை இன்னொரு வேடிக்கை. 'வாலா ப சுசிஹா' என்றால் இன்னும் பரிசோதிக்கவில்லை. அதே சுசிஹாவைத் தனியாகச் சொன்னால் 'பரிசோதி!' என்ற கட்டளை. முதலில் இது அநியாயமாகப் பட்டது. அப்புறம் யோசித்தால், நாமும் 'பார்க்கவில்லை' என்று சொல்லும்போது 'பார்க்க' என்பதில் காலம் எதுவும் இல்லையே. 'இல்லை' வந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. வாலாவும் அப்படித்தான் செய்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். படுக்கைப் பக்கத்தில் நின்று பேசும்போது வேறு ஒன்று இடித்தது: யார் யாரைப் பரிசோதிக்கிறார் என்பதைச் சொல்லும் பிரதிப்பெயர்கள். 'சுசிஹொன் கோ நீமோ' என்றால் 'நீ என்னைப் பரிசோதிப்பாய்'. 'கோ' என்பதை 'நான்' என்று மனப்பாடம் செய்தவர்கள் சரியாக இந்த வாக்கியத்தைத்தான் நோயாளியிடம் சொல்வார்கள் என்று ஆசிரியை முதல் நாளே எச்சரித்திருந்தார். 'நான் உன்னைப் பரிசோதிக்கிறேன்' என்பதற்கு அவர்களிடம் ஒரு தனிக் கட்டு இருக்கிறது: 'சுசிஹொன் தா கா'. இந்தத் 'தா' வேறு இடங்களில் 'நாம்'. நான் உனக்கு ஏதாவது செய்யும்போது மட்டும் அது 'நான்' ஆகிவிடுகிறது. ஏன் என்று நர்ஸுகளிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படித்தான் சொல்வோம் என்றார்கள். நம்மிடம் யாராவது 'வந்துவிட்டேன்' என்பதில் 'விட்டேன்' எதற்கு என்று கேட்டால் நாமும் அதைத்தான் சொல்வோம்.

ஆனால் வார்டில் யாரும் 'தா கா'வைக்கூட அதிகம் பயன்படுத்தவில்லை. மூத்த ரெசிடென்ட் டாக்டர்கள் சொன்னது 'சுசிஹொன் லங் நாத்தோ, நாய்' என்று. (அந்த 'நாய்' என்னவென்று பிறகு சொல்கிறேன்.) இங்கேதான் தமிழ் எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. நாத்தோ என்றால் 'நாம்', கேட்பவரையும் சேர்த்து. நாமோ என்றால் 'நாங்கள்', கேட்பவரை விட்டுவிட்டு. இங்கிலீஷுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. ஹிந்திக்காரர்களும் இதில் தடுமாறினார்கள். நமக்கு இது பிறவியிலேயே தெரியும். 'சுசிஹொன் நாமோ' என்றால் நாங்கள் டாக்டர்கள் கூட்டமாக வந்து உங்களைச் சோதிக்கப் போகிறோம். 'சுசிஹொன் நாத்தோ' என்றால் வாங்க, சேர்ந்து பார்த்துவிடலாம். சோதிக்கப்படும் ஆளையே சோதிக்கிற பக்கத்தில் சேர்த்துக்கொள்வது தர்க்கப்படி அபத்தம்தான். ஆனால் நம்மூர் டாக்டரும் 'பிரஷர் பார்த்துடலாமா' என்றுதான் கேட்கிறார்.

டகாலோக்கில் மரியாதைக்கு 'போ' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். செபுவானோவில் அது இல்லை. ஒரே ஒருவரிடம் பேசும்போது நீ, நீங்கள் என்ற பிரிவும் இல்லை. எழுபது வயதுப் பாட்டியும் 'கா'தான், பக்கத்துப் பையனும் 'கா'தான். மரியாதையெல்லாம் உறவுமுறைச் சொல்லிலும் 'லங்', 'பலிஹுக்' போன்ற மென்மையாக்கும் சொற்களிலும் இருக்கிறது. அங்கேதான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம். நானாய் என்றால் அம்மா. விளிக்கும்போது சுருங்கி 'நாய்'. தாத்தாய் என்றால் அப்பா, விளிக்கும்போது 'தாய்'. வயதான ஒரு அம்மாளைப் பார்த்து வாய் நிறைய 'நாய்' என்று கூப்பிட எங்கள் பேட்ச் பெண்கள் சிலருக்கு வெகுநாள் நாக்கு எழவே இல்லை. இந்த உறவுச்சொல் இல்லாமல் வெறும் வினையைச் சொன்னால் எவ்வளவு சரியான ஒட்டு போட்டாலும் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

விசாரணை என்றதும் சொல்ல வேண்டியது, சுசிக்கு அந்த முகமும் உண்டு. தீ விபத்து நடந்த இடத்தைச் சுசி செய்கிறார்கள், கணக்குப் புத்தகத்தைச் சுசி செய்கிறார்கள், துறைமுகத்தில் பெட்டியைச் சுசி செய்கிறார்கள். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் மனச்சாட்சி ஆய்வுக்குப் பெயரே 'பக்சுசி சா தன்லக்'. நாம் பரிசோதனை, விசாரணை, தணிக்கை, ஆய்வு என்று நாலு கடைக்குப் போய் வாங்குவதை அவர்கள் ஒரே கடையில் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு ஆளை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பதற்கு சுகித்சுகித் என்று தனிச்சொல் இருக்கிறது. குற்ற வழக்கென்றால் ஸ்பானிஷ் வழி வந்த இம்பெஸ்திகாஸ்யோன். உசிசா என்று ஒன்று உண்டு, சுசிக்கு நெருங்கிய பங்காளி. அது விசாரணைக் கமிஷன் பக்கம் கொஞ்சம் சாயும். வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டத்துக்கு உஷ்யோசோ. வெள்ளைக்கோட்டு போட்ட வெளிநாட்டு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றால் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கடைசி ரகமாகத்தான் தெரிந்திருப்போம். இந்தியர் என்றால் 'பும்பாய்', பும்பாய் என்றால் ஐந்து கடன் கொடுத்து, பைக்கில் வந்து ஆறாக வசூலிக்கும் வட்டிக்காரர் என்றொரு பிம்பம் வேறு அந்த ஊரில் உண்டு. பெரிய வெங்காயத்துக்குக்கூட அங்கே 'சிபுயாஸ் பொம்பாய்' என்றுதான் பெயர்.

பிரசவ வார்டு தனிக்கதை. அங்கே தினமும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்: 'நக்பசுசி கா?', 'நக்பசுசோ கா?' முதலாவது, டாக்டரிடம் போய் உன்னைப் பரிசோதித்துக்கொண்டாயா என்பது. 'ப' ஒட்டினால் பிறரைக்கொண்டு செய்வித்துக்கொள்வது, நம் பிறவினை மாதிரி. இரண்டாவது, தாய்ப்பால் கொடுக்கிறாயா என்பது. சுசோ என்றால் மார்பு. கடைசி உயிரெழுத்து மட்டும்தான் வித்தியாசம். களைத்துப்போய்ப் படுத்திருக்கும் பெண்ணிடம் அதை முழுங்கிப் பேசினால் எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது என்று நமக்கே தெரியாது. அதனால் முதல் கேள்விக்கு நான் 'செக்-அப்' என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும்: டாவோ நகரத்து இளைஞர்கள் பேச்சில் சுசியைவிட 'செக்'தான் அதிகம். அதற்கும் பிசாயா ஒட்டுகளை மாட்டி 'கி-செக்', 'இ-செக்' என்று ஓட்டுகிறார்கள். சுசி வானொலிச் செய்தியிலும் கோயில் பிரசங்கத்திலும் சுகாதாரத் துறைச் சுவரொட்டியிலும் கம்பீரமாக இருக்கிறது. பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்றால், மலைப்பக்கத்திலிருந்தும் கடலோரக் கிராமங்களிலிருந்தும் வரும் பெரியவர்களிடம் சுசிஹொன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிற முகம் மாறும். தவிர, ஒரு வினையில் ஒட்டுகள் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஹீகப், தொட்டுப் பார்ப்பது, ஹிகபொன் நாத்தோ. பிஸ்லித், அழுத்துவது; பிஸ்லிதொன் நாத்தோ. நான் வேறு எந்த வினையையும் இப்படி உட்கார்ந்து படிக்கவில்லை.

ஜூனியர்கள் கேட்பதால் ஒரு குறிப்பு. ஜான் வுல்ஃபின் செபுவானோ அகராதி, 1972-இல் வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய பொக்கிஷம். ஆனால் அதில் அ, இ, உ என்ற மூன்று உயிர்களை வைத்துத்தான் எழுத்துக்கூட்டியிருப்பார். 'சுசோ' என்று தேடினால் கிடைக்காது, 'சுசு' என்று தேட வேண்டும். வினைகளுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்றும் எண்களும் போட்டிருப்பார். எந்த வினை எந்த ஒட்டை ஏற்கும் என்பதற்கான குறியீடு. முன்னுரையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்.

கிளர்க்‌ஷிப்பில் கட்டில் பக்கத் தேர்வு என்று ஒன்று உண்டு. ப்ரிசெப்டர், அதாவது எங்களை மேற்பார்க்கும் டாக்டர், பின்னால் நிற்க, நாம் நோயாளியிடம் கதை கேட்டு, தொட்டுப் பார்த்து, பிறகு இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஒரு தாத்தாய், வலது விலாவுக்குக் கீழே வலி. 'உன்சாய் கிபாத்தி நீமோ, தாய்?' (என்ன செய்கிறது, அப்பா?) என்று ஆரம்பித்தேன். அவர் 'குவான், டாக்...' என்று இழுத்தார். நம் 'அது வந்து'தான் அவர்களுடைய குவான். அதற்கு அவசரப்படக் கூடாது. பானுஹொத் என்றார். வாயு பிடித்துக்கொண்டதாக ஊர்க்காரர்கள் சொல்லும் நோய். ஹீலொத் செய்பவரிடம் போய் வயிற்றை நீவிவிட்டு வந்திருக்கிறார். அதைக் கேட்காமல் விட்டிருந்தால் கதையில் பாதி போயிருக்கும். 'சுசிஹொன் லங் நாத்தோ, தாய், ஹா' என்றதும் அவரே சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மூச்சை இழுக்கச் சொல்லி விலாவுக்கடியில் அழுத்தியபோது பாதியில் மூச்சு நின்றது. பித்தப்பை என்று ப்ரிசெப்டரின் முகத்திலேயே தெரிந்தது.

கையை எடுத்ததும் அவர் கேட்டார், 'உன்சா மன், டாக்?' என்னவாம் டாக்டர், என்று. கிளர்க்குகள் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வரட்டும். 'ஹுலத் லங் தா சா ரெசுல்தா, தாய்' என்றேன். ரிசல்ட் வரும்வரை நாம் காத்திருப்போம், அதிலும் 'நாம்'தான். அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, இந்தியாவில் இந்த வலிக்கு என்ன தருவார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.