இருபத்தோராவது இழை

மார்கழிக் காலை இருட்டு விலகுமுன் காரைக்குடியில் பஸ் ஏறினோம், ஆத்தாவும் நானும். குன்றக்குடி தாண்டினால் பிள்ளையார்பட்டி. அன்று சஷ்டியும் சதயமும் கூடிய நாள். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாளில் நான் ஊரில் இருந்தேன். நினைத்து வந்தவன் அல்ல. சிங்கப்பூரில் பார்த்த வேலை திருக்கார்த்திகைக்கு முந்திய வாரம் போய்விட்டது. ஆள்குறைப்பு என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தேன்.

சாமியிடம் கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே தீர்மானித்து வைத்திருந்தேன். அதே போல ஒரு வேலை, அதே சம்பளம், தை பிறப்பதற்குள்.

கற்பக விநாயகர் குடைவரையில் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். மலைப் பாறையிலேயே செதுக்கப்பட்ட திருமேனி என்பதால் அவரை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கிறது. கைகள் இரண்டுதான். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்த உருவம். அன்றுதான் அந்தக் கைகளை நின்று பார்த்தேன். பாசமும் இல்லை, அங்குசமும் இல்லை. கட்டி இழுக்கக் கயிறில்லாமல், குத்தி விரட்டக் கருவியில்லாமல், என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து தம் முன்னால் நிறுத்தியிருக்கிறாரே என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. தீபாராதனை முடிந்து வெளியே வந்த பிறகுதான், வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய்க் கேட்டு வரட்டுமா என்றேன். ஆத்தா மலையைச் சுற்றி நடந்துகொண்டே நோன்புக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெரிந்த கதைதான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம்மவர்கள் கப்பல் புயலில் திசை தப்பியது. பிள்ளையாரை வேண்டி, நாளுக்கொரு இழையாகப் புதுத் துணியிலிருந்து உருவி வைத்தார்கள். இருபத்தோராம் நாள் கரை தெரிந்தது. சேர்ந்த இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு உட்கொண்டார்கள்.

"கரை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியாது அய்யா. அன்றைக்கு உருவ வேண்டிய இழை எது என்பது மட்டும் தெரியும்" என்றாள்.

சிங்கப்பூரில் 1859இல் நகரத்தார் எழுப்பிய டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்கு நான் தவறாமல் போனவன். பிழைக்கப் போன இடத்திலெல்லாம் முருகனுக்குக் கோவில் எடுத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் கட்டிய சந்நிதியில் நின்று, எனக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவேன். பதினாறு ஆண்டும் அப்படித்தான். அவர் எனக்கென்று வைத்திருப்பது என்ன என்று ஒரு நாளும் காத்து நின்றதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் நோன்பு. என் தந்தை, அப்பச்சி, காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சுடரோடு அந்த இழையை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆண் இல்லை என்று ஆத்தா இந்த மூன்று ஆண்டும் பங்காளி வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு, இருட்டில் தனியாகத் திரும்பியிருக்கிறாள். தொலைபேசியில் ஒரு முறை கூட இதை என்னிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டின் உள்முற்றமான வளவில் கோலமிட்டிருந்தாள். ஆவாரம்பூ வைத்திருந்தாள். மாவைப் பிடித்து, இருபத்தோரு இழைத் திரியை நடுவில் நிறுத்தி, நெய்யில் நனைத்திருந்தாள். அப்பச்சி உட்காரும் பலகையை என் பக்கம் நகர்த்தினாள். சுடரை ஏற்றினேன். கை நடுங்கியது.

ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினாள்.