நாலரை அடி ஜன்னலும் 4.6 என்ற எழுத்தும்

போன வருஷம் திண்டுக்கல் பக்கம் வீடு கட்டினோம். கொத்தனார், ஆசாரி எல்லாருக்கும் அடி, அங்குலம், அதைவிடச் சின்ன அளவான நூல், இவைதான் கணக்கு. யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்கிற இடத்திலோ எல்லாம் மில்லிமீட்டர். நடுவில் அளவை மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முன்னறை ஜன்னலின் அகலம் நாலடி ஆறு அங்குலம். ஒரு அடிக்கு 304.8 மி.மீ. நான் நோட்டில் 4.6 என்று எழுதி, அதை 304.8-ஆல் பெருக்கி 1402 மி.மீ. என்று அனுப்பிவிட்டேன். பிரேம் வந்து இறங்கியது. இரண்டு பேர் தூக்கி வைத்துப் பார்த்தார்கள், உள்ளே போகவில்லை. டேப்பைப் பிடித்தால் திறப்பு 1372 மி.மீ.தான். முப்பது மில்லிமீட்டர் கூடுதல்!

அன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆறு அங்குலம் என்பது அரை அடி, அதாவது 4.5. நான் எழுதிய 4.6 என்பது நாலடி ஏழு அங்குலத்துக்கும் மேலே. புள்ளிக்குப் பின்னால் அங்குலத்தை அப்படியே எழுதும் வழக்கம் நம் ஊரில் நிறையப் பேரிடம் இருக்கிறது. அவர்களுக்குள் பேசிக்கொள்ளும்வரை சரி, கால்குலேட்டரில் போட்டால் தப்பு.

"பூச்சைக் கொத்திடலாம் சார், வேற வழியில்ல" என்றார் கொத்தனார். புதுசாகப் பூசிய சுவரில் உளி விழுந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அடுத்த ஜன்னலுக்கு முறையை மாற்றினேன். முதலில் எல்லாவற்றையும் அங்குலமாக்குவது, அப்புறம் 25.4-ஆல் பெருக்குவது. 25.4 என்பது தோராயம் இல்லை. 1959-இல் ஆறு நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட துல்லியமான அளவு. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. படுக்கையறை ஜன்னலுக்குக் கொத்தனார் "நாலடி அஞ்சங்குலம் மூணு நூல்" என்றார். 53 அங்குலத்துக்கு 1346.2, மூணு நூலுக்கு 9.5, ஆக 1355.7. டேப்பின் மில்லிமீட்டர் பக்கத்தைப் பார்த்தேன், 1356-ஐத் தொட்டு நின்றது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமில்லை.

கடைப் பேச்சை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மூணு நூல் கம்பி என்று கேட்டால் 10 மி.மீ. கம்பிதான் கொடுப்பார்கள், கணக்குப்படி மூணு நூல் 9.5தான். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் 2440 × 1220 மி.மீ. என்று போட்டிருக்கும். அதுவும் நீளத்தில் ஒன்றரை, அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்போலக் கூட்டி முழுசாக்கியதுதான்.

மற்ற ஜன்னல்களை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் நேராக மில்லிமீட்டரிலேயே அளந்து, இருப்பதில் சின்ன அளவை எடுத்து, அதிலும் பத்து மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்தேன். அத்தனையும் உளி படாமல் உட்கார்ந்தன.