பார்த்திட்டுக் கீறும்

1979ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பு. மழை விட்ட காலையில் பள்ளிக்கூட வேலிக்கரையில் நத்தை பொறுக்கிக்கொண்டு விலங்கியல் அறைக்குப் போவோம். மாஸ்டர் ஒரு நத்தையைக் கண்ணாடித் தட்டில் விட்டு, தட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொல்லுவார். அதன் பாதத்தில் சின்னச் சின்ன அலைகள் ஓடும். உடனே பென்சிலை எடுப்போம்.

"வையும் கீழே. அரை மணித்தியாலம் பார்த்திட்டுக் கீறும்."

வேறெதிலும் அவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை.

11 வருடம் கழித்து, கனடாவில், மறுபடியும் நத்தைகளிடம் வந்து சேர்ந்தேன். என் ஆய்வுகூடத்தில் இருந்தது ஹெலிசோமா என்ற குளத்து நத்தை. தட்டையாகச் சுருண்ட ஓடு, ஈமோகுளோபின் உள்ள சிவப்பு இரத்தம். நத்தையின் நரம்புக்கலங்கள் பெரியவை. எந்த நத்தையைத் திறந்தாலும் குறித்த கலம் அதே இடத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தந்தவை வாய்ப்பகுதி நரம்புத்திரட்டில் உள்ள பி5, பி19.

இந்தக் கலத்தைப் பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தால் அது இழைகளை நீட்டும். இழையின் நுனியில் விரித்த கைபோல ஒரு பகுதி, விரல்களால் தடவித் தடவி முன்னேறும். ஸ்பானிய நரம்பியலாளர் கஹால் 1890இல் அதற்கு வளர்ச்சிக் கூம்பு என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது இறந்த இழையத்தில். நான் உயிரோடு பார்த்தேன்!

செரோட்டோனின் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள் என்றுதான் படித்திருந்தோம். ஹேடன், மெக்காப், கேற்றர் என்ற ஆய்வாளர் மூவரும் 1984இல் வேறொன்றைக் காட்டினார்கள்: அது வளர்ச்சியையே நிறுத்தும். அதுவும் எல்லாக் கலங்களிலும் அல்ல. பி19இன் கூம்பு நின்றுவிடும், பி5 அதைக் கண்டுகொள்ளாது.

அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை தனியே உட்கார்ந்தேன். செரோட்டோனின் விட்டதும் பி19இன் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கூம்பு சுருங்கி நின்றது. பி19இல் செரோட்டோனின் மின் துடிப்புகளை எழுப்பும், அதோடு கல்சியம் உள்ளே வரும். கல்சியம் கூடிவிட்டால் கூம்பால் நகர முடியாது. இன்னொரு செய்திப் பொருளான அசற்றைல்கோலீனையும் சேர்த்து விட்டால் இந்தத் தடை வேலை செய்யாது என்று 1988இல் கண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வளரும் நரம்பு ஒரு பொருளின் சொல்லை மட்டும் கேட்டு நடப்பதில்லை, தன்னைச் சுற்றியுள்ளவற்றை எல்லாம் சேர்த்துக் கேட்கிறது.

அன்றிரவே படம் கீறி மாஸ்டருக்குத் தபாலில் அனுப்பினேன். அப்போது ஊருக்குக் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். பதில் ஒரு நீலக் கடிதத்தில் வந்தது. வாழ்த்து ஒரு வரி, அப்புறம் ஒரு கேள்வி:

"பி19 நின்றதைப் பார்த்தீர், சரி. பி5 நிற்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் பார்த்தீர்?"

அன்றே பதில் எழுதினேன்: "4 மணித்தியாலம், சேர். நான் அறையைப் பூட்டும்போதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது."