‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முந்தைய வினாடிகள்

11 ஆண்டுகளாகத் திருமணக் காணொளிகளைத் தொகுத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். தாலி கட்டும் நேரத்தை மூன்று கோணங்களில் மெதுவாக ஓடவிட்டு, பாடலின் தாளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் மணமகளின் அம்மா கண் கலங்குவார். என் தொழில் ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படிப்பட்டவனிடம், நான் படித்த அதே விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையின் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்து பேர், ஒரு பேய்ப்படத்தின் முன்னோட்டத்தைத் தொகுத்துத் தரும்படி ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நின்றார்கள். 22 நிமிடப் படம் இன்னும் முடியவில்லை என்றும், துறை விழாவுக்குள் முன்னோட்டமாவது வேண்டும் என்றும் சொன்னார்கள்.

மன்னார்குடிப் பக்கம் மூடிக் கிடக்கும் ஓர் அரிசி ஆலைதான் கதை நடக்கும் இடம். இரவுக் காவலுக்கு வரும் ஒரு முதியவர், நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து யாரோ தன்னைக் கவனிப்பதாக உணர்கிறார். மாணவர்கள் தாங்களே ஒரு முறை வெட்டிப் பார்த்திருந்தார்கள். 3 நிமிடம் 10 வினாடி ஓடிய அந்த வடிவத்தில் பேயின் முகம் நான்கு முறை வந்தது. இணையத்திலிருந்து இறக்கிய இசை முதல் வினாடியிலிருந்தே அலறியது. கதையின் முடிவுகூடச் சொல்லப்பட்டிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, எடுத்த காட்சிகள் அனைத்தையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதல் இரண்டு இரவுகள் பயத்தில் கழியவில்லை, எரிச்சலில் கழிந்தன. பெரும்பகுதியைக் கைப்பேசியில் எடுத்திருந்தார்கள். வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் வினாடிக்கு எடுக்கும் பிரேம்களின் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. அதனால் தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியைப் படத்தோடு பொருத்தினால், தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு இரண்டாம் நிமிடத்தில் விலகிப் போகிறது. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு எல்லாவற்றையும் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் தொகுக்கவே முடிந்தது. ஒலியையும் படத்தையும் பொருத்த ஓர் அடையாளமாக, கிளாப் பலகை வாங்கக் காசில்லை என்றால் கையையாவது தட்டியிருக்கலாமே என்று கேட்டேன். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து, ரூம் டோன் இல்லை. ஆட்கள் பேசாமல் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடமாவது பதிவுசெய்து வைத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வோர் இடத்தின் அமைதியும் வேறு. தகரக் கூரையும் உயர்ந்த சுவர்களும் கொண்ட ஆலையின் அமைதிக்கு ஒரு கனம் உண்டு. அது இல்லாமல் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே ஒலி அறுந்து அறுந்து விழும், பார்ப்பவர் கதையிலிருந்து வெளியே வந்துவிடுவார். எங்கேயாவது நான்கு வினாடி கிடைக்காதா என்று, கேமரா ஓடத் தொடங்கியதற்கும் இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கும் இடைப்பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். ஒரு டேக்கில் முழுதாக 11 வினாடி கிடைத்தது.

ஒலிக்காகத் திறந்த அந்தத் துண்டில் படமும் இருந்தது. காவலராக நடித்தவர் ஒரு மாணவரின் தாத்தா. இதற்கு முன் கேமரா முன் நின்றவர் அல்லர். ‘ஆக்‌ஷன்’ என்றதும் அவர் கண்களை அகல விரித்து, கையை நெஞ்சில் வைத்து, தான் பார்த்த நாடகங்களில் பயந்தவர்கள் செய்ததையெல்லாம் செய்தார். அதற்கு முந்தைய வினாடிகளில், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், இருட்டின் ஒரு மூலையைப் பார்த்தபடி வெறுமனே நின்றிருந்தார். அவர் விளக்குப் பிடித்த பையனைப் பார்த்திருக்கலாம், கொசுவைப் பார்த்திருக்கலாம். அந்த முகத்துக்கு அடுத்து, நெல் தொட்டியின் மூடி சற்றே விலகியிருக்கும் ஷாட்டை வைத்தேன். என் கழுத்துக்குப் பின்னால் சில்லிட்டது. ஒரே சலனமற்ற முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் சேர்த்துக் காட்டினால் பார்ப்பவர் அதில் பசியையும் துயரத்தையும் கண்டுகொள்கிறார் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகிறது. தேர்வுக்காக அதை நானும் மனப்பாடம் செய்தவன்தான். மண்டபத்து மாப்பிள்ளைகளின் முகங்களில் அது ஒருபோதும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

அதன்பின் வேலை வேகம் பிடித்தது. முன்னோட்டத்தின் முதல் 40 வினாடிகளில் அந்த 11 வினாடி அமைதியையே மடக்கி மடக்கி ஓடவிட்டேன், இசை ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் உரிய ஒலி, படத்துக்கு அரை வினாடி, அதாவது 12 பிரேம்கள், முன்னதாகவே வந்துவிடும்படி அமைத்தேன். காதுக்குத் தெரிந்துவிட்டது கண்ணுக்கு இன்னும் தெரியாத அந்த இடைவெளியில் பார்ப்பவர் தானே எதையாவது கற்பனை செய்துகொள்கிறார். ஓரிடத்தில் மட்டும், தாத்தா திரும்பும் நொடியில், ஆலையின் ஷட்டர் இழுபடும் ஓசையை முழு வலுவோடு வைத்தேன். இது பழைய தந்திரம். 1942இல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில், தெருவில் பயந்து நடக்கும் பெண்ணின் அருகே திடீரென ஒரு பேருந்து சீறி வந்து நிற்கும். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இவ்வகை அதிர்ச்சியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். ஒரு முன்னோட்டத்துக்கு இது ஒன்று போதும். இரண்டாவது வைத்தால் அடுத்தது எங்கே வரும் என்று அரங்கே எண்ணத் தொடங்கிவிடும்.

பேயின் முகத்தை நான் ஓரிடத்திலும் வைக்கவில்லை என்பதைக் கண்டதும் இயக்குநர் மாணவிக்குக் குரல் உடைந்தது. “நாலு மணி நேரம் மேக்கப் போட்டோம்ண்ணா” என்றார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சம் நேராக விழுந்ததில் காதோரம் பசையின் விளிம்பு தெரிந்தது, அரங்கில் ஒருவர் சிரித்தால் போதும், எல்லாம் போயிற்று. நெடுநேர வாதத்துக்குப் பிறகு, தொட்டியின் விளிம்பைப் பற்றும் விரல்கள் மட்டும் 9 பிரேம்களுக்கு வருவதென்று உடன்பட்டோம். வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று தெரிந்தது. விரல்கள் இல்லாத என் வடிவம் சற்று வறட்சியாகவே இருந்தது.

என் தவறும் ஒன்று உண்டு. காட்சிகளுக்கு அடியில் 45 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு முழக்கம் சேர்த்திருந்தேன். ஹெட்போனில் அது வயிற்றைப் பிசைந்தது. மாணவர்களுக்கு அனுப்பினால், “சத்தமே வரலையேண்ணா” என்று பதில் வந்தது. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் வலு கிடையாது. அதே முழக்கத்தின் மடங்குகளான 90, 135, 180, 225 ஹெர்ட்ஸ் என மேலே மேலே அடுக்கினேன். மடங்குகளைக் கேட்டால் அடியில் இல்லாத தாழ்ந்த ஒலியையும் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். திருமண வேலையில் செண்டை மேளத்துக்கு இதையே எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஏனோ இங்கே நினைவுக்கு வரவில்லை.

1 நிமிடம் 35 வினாடியில் முடிந்த வடிவத்தை, விழாவுக்கு முந்தைய இரவு அந்த மாணவி என் அறையில் ஹெட்போனில் கேட்டார். 38ஆவது வினாடியில் நிறுத்தி, “இந்த மூச்சுச் சத்தம் ரொம்ப நல்லா இருக்குண்ணா, எங்கேருந்து எடுத்தீங்க?” என்று கேட்டார். அந்த 11 வினாடித் துண்டின் கடைசியில், ‘ஆக்‌ஷன்’ என்று கத்துவதற்காக அவரே இழுத்த மூச்சு அது; நீக்கப் பார்த்து, மனம் வராமல் விட்டிருந்தேன். மூல டேக்கைத் திறந்து வெட்டாமல் ஓடவிட்டேன். தன் குரல் வந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். டைம்லைனில் அந்த ஒலித்தடத்துக்குப் ‘பேய்’ என்று நான் பெயரிட்டிருந்ததை அவர் கவனிப்பதற்குள் மாற்றிவிடலாம் என்று கை வைத்தேன். “அப்படியே இருக்கட்டும்ண்ணா” என்றார்.