கொக்குக்கு ஒரு சாம்பல் நிறம்

மார்ச் 2, 2022

இன்று ஏழரை மணி நேர மின்வெட்டு. மடிக்கணினியின் பற்றரி ஒரு மணி இருபது நிமிடம் தாங்குகிறது. ஆகவே மின்சாரம் இருக்கும் நேரத்தைத் தரவிறக்கத்துக்கும், பற்றரி நேரத்தை வரைவதற்கும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பழைய விண்வெளி விளையாட்டுக்கு நான் செய்யும் கப்பலின் உடல் முடிந்துவிட்டது. முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் 3.0 பதிப்பு வந்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் நான் 2017இல் வெளியான 2.79 பதிப்பிலேயே நிற்கிறேன், ஏனென்றால் 4 ஜிகாபைட் நினைவகம் உள்ள இந்தக் கணினியில் அதுதான் மூச்சுவாங்காமல் ஓடுகிறது. இனி உடலுக்கு மேல் போர்த்தும் தோலை, அதாவது அதன் நிறமும் தகடுகளும் உள்ள படத்தை, வரைய வேண்டும். அதற்கு எந்த மென்பொருள் என்பதை இந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 5

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டோஷொப் இருக்கும் மிக மலிவான திட்டம் மாதம் 9.99 டொலர். டொலர் 203 ரூபாயாக இருக்கையில் அது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், வருடத்துக்கு இருபத்து நான்காயிரம். உரம் இல்லாமல் செய்த காலபோக நெற்செய்கைக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தத் தொகையைச் சத்தமாகச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. தொகையை விட என்னைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று: பணம் கட்டாத மாதத்தில், நான் வரைந்த கோப்பை அதன் அடுக்குகளோடு அதே மென்பொருளில் திறக்க எனக்கு வழி இல்லாமல் போகும். 1999இல் வந்த ஃபிரீஸ்பேஸ் 2 விளையாட்டின் மூலநிரலை 2002இல் திறந்துவிட்டபடியால்தான் இன்று கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருந்து நான் அதற்கு ஒரு கப்பல் செய்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றுக்காக, மாதாமாதம் பூட்டிக்கொள்ளும் அலுமாரிக்குள் படங்களை வைக்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 8

நேற்று மத்திய வங்கி ரூபாயின் மதிப்புக்குப் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டது. மேலே எழுதிய கணக்குச் செல்லாது.

மார்ச் 14

கரடிப்போக்குச் சந்திக்குப் போன இடத்தில் ஸ்டூடியோ அண்ணையிடம் கேட்டேன். அவர் ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டி, "இதுக்கேன் பிள்ளை காசு, கொண்டுபோய்ப் போடு" என்றார். நல்ல மனிதர், அன்பினால் தந்தார் என்பது தெரியும். ஆனால் நான் செய்யும் கப்பல் என் பெயரோடு எல்லோருடைய கைக்கும் போகப் போகிறது. களவாக எடுத்த கருவியால் அதைச் செய்ய எனக்கு முடியாது. அவரது கணினியிலேயே ஒரு சோதனை மட்டும் செய்து பார்த்தேன். கப்பலின் பக்கவாட்டில் வரவேண்டிய பெயரை யூனிகோட்டில் தட்டினேன். "கொக்கு" என்பதன் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், அரவு ஒரு பக்கமாகச் சிதறி நின்றது. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றினால் சரிவரும் என்று பிறகு அறிந்தேன். அண்ணைக்கு அது இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் கலியாண அழைப்பிதழில் இருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாமே யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் நடப்பதுதான்.

அப்பாவின் கண்புரை அறுவைக்கு இன்னும் திகதி வரவில்லை.

மார்ச் 20

கிருதா. நூறு மெகாபைட்டுக்குச் சற்று மேல், முற்றிலும் இலவசம். வரைவதற்கென்றே பிறந்த மென்பொருள் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. என்னிடம் வரைபலகை இல்லை, மௌஸ் மட்டும்தான். ஆனாலும் கோட்டை நிலைப்படுத்தும் வசதியைப் போட்டதும் என் கைநடுக்கம் கோட்டில் தெரியவில்லை. W விசையை அழுத்தினால் படம் நான்கு பக்கமும் தன்னைத்தானே தொடர்கிறது: வலது ஓரத்தில் இழுத்த கோடு இடது ஓரத்தில் வெளியே வருகிறது. கப்பலின் தகடுகளை ஒட்டுத் தெரியாமல் செய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்? நிறத்தை மாற்றும் வடிகட்டியையும் தனி அடுக்காகவே வைக்கலாம். பிடிக்காவிட்டால் கீழே உள்ள ஓவியத்தைத் தொடாமல் அந்த அடுக்கை மட்டும் எடுத்துவிடலாம்.

குறை ஒன்று உண்டு, அது சின்னக் குறை அல்ல. விளையாட்டு கேட்கும் டிடிஎஸ் என்ற வகைப் படக் கோப்பை இது எழுதித் தராது.

மார்ச் 31

பதின்மூன்று மணி நேரம்.

மண்ணெண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் அம்மா குப்பிவிளக்கை ஏற்றினார். அப்பாவும் நானும் அதன் முன்னால் இருந்தோம். அப்பா முப்பது வருடம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். எனமல் வாளியின் மூடியைத் திறந்த மணத்திலேயே நிறத்தைச் சொல்லக்கூடியவர். மடிக்கணினியில் மிஞ்சியிருந்த பற்றரியில் கப்பலின் சாம்பல் நிறத்தைக் காட்டினேன். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதென்ன, மஞ்சளாய்க் கிடக்கு" என்றார். நான் வைத்த சாம்பலில் மஞ்சள் ஒரு துளி கூட இல்லை. கண்புரை முற்றும்போது கண்ணின் வில்லையே மஞ்சளாகிவிடும் என்றும், நீலம்தான் முதலில் மங்கும் என்றும் வாசித்திருக்கிறேன். வாசித்தது வேறு, அப்பாவின் வாயால் கேட்டது வேறு.

விளக்கின் சுடரைப் படம் எடுத்து வைத்தேன். நடுவில் வெளிறிய மஞ்சள், அதைச் சுற்றிச் செம்மஞ்சள், ஓரத்தில் ஏறக்குறைய கபிலம். கப்பலின் சன்னல்களுக்கு இந்த மூன்று நிறங்களும் போதும்.

ஏப்ரல் 3

ஊரடங்கு, சமூக ஊடகங்களையும் முடக்கிவிட்டார்கள், ஆனால் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள் தடையின்றித் தரவிறங்கியது.

ஏப்ரல் 10

கிம்ப் 2.10 பற்றி நேர்மையாக எழுத வேண்டும். வரைவதற்கு எனக்கு இது கைவரவில்லை. நிறத்தை ஒருமுறை மாற்றினால் அது ஓவியத்தின் மீதே பதிந்துவிடுகிறது. கிருதாவில் உள்ளதுபோல் தனி அடுக்காக வைத்துப் பிறகு திருத்த வழியில்லை. ஆனால் டிடிஎஸ் ஏற்றுமதி உள்ளேயே இருக்கிறது, வேறெதையும் தேடிப் பொருத்த வேண்டியதில்லை. 1024க்கு 1024 அளவில் ஒரு தோல், சுருக்காமல் வைத்தால் 4 மெகாபைட். டிஎக்ஸ்டி5 என்ற சுருக்கும் முறையில் 1 மெகாபைட். ஒளிபுகும் இடங்கள் இல்லாத தோலுக்கு டிஎக்ஸ்டி1 போதும், அது அரை மெகாபைட்தான். என்னுடைய இணைப்பில் ஏற்ற வேண்டியிருப்பதால் இந்த எண்களை நான் அரிசி அளப்பதுபோல் அளக்கிறேன்.

பெயின்ட் டொட் நெட்டையும் பார்த்தேன். இலகுவானது, டிடிஎஸ் தெரிந்தது, ஆனால் அடுக்கின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் முகமூடி போட முடியாது. அதனால் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13

வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நாடு நிறுத்திவிட்டதாக நேற்று அறிவித்தார்கள். டொலர் 300 ரூபாயைத் தாண்டிவிட்டது. அஃபினிட்டி ஃபோட்டோவை ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை என்பதால் அதை மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். 50 டொலருக்குச் சற்று மேல். இப்போது பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் கூட. அப்பாவின் கண்ணுக்கு வைக்கும் வில்லையை வெளியே வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். அஃபினிட்டியை இனிமேல் இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 22

பிழை முழுவதும் என்னுடையது. மின்சாரம் நிற்கப் போகும் அவசரத்தில் அடுக்குகளோடு கூடிய கோப்பைச் சேமிக்காமல் டிடிஎஸ் கோப்பை மட்டும் சேமித்துவிட்டேன். இன்று அதையே திறந்து, திருத்தி, மறுபடி டிடிஎஸ் ஆக்கினேன். டிஎக்ஸ்டி1 படத்தை நான்குக்கு நான்கு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு இடையில் இருந்து ஊகிக்கிறது. இரண்டாம் முறை ஊகித்ததை மறுபடி ஊகித்திருக்கிறது. மெல்ல மங்க வேண்டிய சாம்பல் நிறம் படிக்கட்டுகள்போல் உடைந்துபோய், எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்கு ஒட்டியதுபோல் இருக்கிறது. ஒன்பது நாள் வேலை.

ஏப்ரல் 23

முதலில் இருந்து தொடங்கிவிட்டேன்.

மே 1

எழுத்துக்கு இங்க்ஸ்கேப். "கொக்கு" என்று தட்டியதும் கொம்பும் அரவும் தத்தமது இடத்தில் ஒழுங்காக நின்றன. எந்த அளவுக்குப் பெருப்பித்தாலும் ஓரம் உடையாத எழுத்து, அதுவும் இலவசமாக. ஆயினும் கணினி எழுத்துருவில் அந்தப் பெயர் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாள்போல் இருந்தது. அப்பாவிடம் தூரிகையையும் கறுப்பு எனமலையும் கொடுத்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன். முதலில் மறுத்தார். பிறகு தாளை இடது கையால் தடவித் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்து, கொம்பை ஒரே இழுப்பில் எழுதினார். இரண்டாவது ககரத்தில் கை கொஞ்சம் தடுமாறியது. உகரத்தின் வாலை அவர் எப்போதும் இழுப்பதுபோலக் கீழே இழுத்து நிறுத்தினார்.

படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் உருவரை எடுக்கும் வசதியைக் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான புள்ளிகளாக வந்தது. எளிமையாக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்ததும் தூரிகை மயிரின் பிசிறுகள் போய்விட்டன. இரண்டாம் முறை கொடுத்ததும் தடுமாற்றமும் போய்விட்டது. இரண்டாவதை மீளப் பெற்றேன். மறுபடி கொடுத்தேன். மறுபடி மீளப் பெற்றேன்.

மே 13

டொலர் 360 ரூபாய்ப் பக்கம். மார்ச் மாதத்துக் கணக்கை இன்றைய விலைக்குப் போட்டால் மாதம் 3,600.

மே 18

முள்ளிவாய்க்கால் கஞ்சி. கணினியைத் திறக்கவில்லை.

மே 27

பெட்ரோல் இல்லை, சைக்கிளில் பரந்தன் வரை போய் வந்தேன். மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் தகரச் சுவரை வெயில் ஏறுமுன் படம் எடுத்தேன். ஆணியடித்த இடங்களில் இருந்து கறள் கண்ணீர்போல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு விரல் அகலத்தில் தொடங்கி மயிரிழையாக முடிகிறது. விண்வெளியில் மழை இல்லை, கறள் கீழ்நோக்கி வழியாது என்று யாராவது சொல்லக்கூடும். அதனால் கறளை விட்டுவிட்டுத் தகரத்தின் வெளிறலை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீலமும் பச்சையும் கலந்த அந்தச் சாம்பல்தான் இத்தனை நாளும் நான் தேடியது. இவ்வளவு காலமும் என் சாம்பல் வெறும் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்ததாக இருந்திருக்கிறது.

அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. இதில் நீலம்தான் கூட.

ஜூன் 4

இனி மாற்றப் போவதில்லை: உடல் பிளெண்டரில், தோல் கிருதாவில், பெயர் இங்க்ஸ்கேப்பில், கடைசி ஏற்றுமதி கிம்பில். நான்குக்கும் சேர்த்து நான் கொடுத்தது தரவிறக்கிய டேட்டாவின் காசு மட்டும். நான்கு இடத்துக்கும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவது சிரமம்தான், ஒரே மென்பொருளில் எல்லாம் முடித்தவர்களைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் இந்த நான்கில் எதுவும் என் கோப்பை என்னிடம் இருந்து பூட்டி வைக்காது.

ஜூன் 8

சன்னல் வெளிச்சத்துக்கான கோப்பைச் செய்தேன். முழுத் தோலும் கறுப்பு. ஒளிர வேண்டிய இடங்களில் மட்டும் குப்பிவிளக்கின் மூன்று நிறங்கள். கோப்புப் பெயரின் முடிவில் ஒரு சிறு கோடும் "குளோ" என்பதும் சேர்த்தால் விளையாட்டு தானாக எடுத்துக்கொள்கிறது. சேர்த்தேன். எரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தூரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் சிக்கல். கப்பல் விலக விலக விளையாட்டு சிறிய படங்களுக்கு மாறுகிறது: 512, 256, 128. 256 வரை பெயரை வாசிக்க முடிகிறது. 128இல் தடுமாறிய அந்த இரண்டாவது ககரம்தான் முதலில் அழிகிறது. சிறிய படங்களைக் கிம்ப் தானாகச் செய்வதை நிறுத்திவிட்டு, அந்த ஓர் எழுத்தை மட்டும் கையால் தடித்து வரைந்து பார்க்கலாமா என்று

திகதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முன் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். பஸ் ஓடுமா என்று சந்தியில் கேட்டுவர இப்போதே போகிறேன்.